முதல் நான்கு நாள்கள் ஒரே ஊரில்: பிராக் சென்று திரும்பிய வாசகியின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில், பத்து நாள்களில் ஐரோப்பாவின் ஏழு நாடுகளைச் சுற்றி வருவது எப்படி என்று விளக்கும் கட்டுரை ஒன்று வந்திருந்தது. ரயில் நேரங்களும் விசா விவரங்களும் அதில் தெளிவாக இருந்தன, அதற்கு நன்றி. ஆனால் கட்டுரையின் இறுதியில், முதுகுப்பையோடு தனியாகப் புறப்படுவோரும் இதே திட்டத்தைப் பின்பற்றலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை. தனியாகச் செல்பவர், அதிலும் முதன்முறையாகச் செல்பவர், முதல் நான்கு நாள்களையாவது ஒரே ஊரில் கழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடந்த மே மாதம் செக் குடியரசின் தலைநகரான பிராக்கில் நான் தங்கியிருந்த முதல் நான்கு நாள்களே அதை எனக்குக் கற்றுத் தந்தன.

எனக்கு வயது 61. தூத்துக்குடி மாவட்டத்தில் 34 ஆண்டுகள் கணித ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். விடைத்தாள் திருத்தும் முகாமுக்காக மதுரைக்குச் சென்று வந்ததுதான் அதுவரை நான் தனியாகச் சென்ற நீண்ட பயணம். ஓய்வுக்குப் பின் வந்த பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, எட்டுக் கிலோ எடையுள்ள ஒரு முதுகுப்பையுடன் 16 நாள் பயணமாக ஐரோப்பாவுக்குப் புறப்பட்டேன். ஷெங்கன் விசா ஒன்று இருந்தால் 29 நாடுகளுக்குச் செல்லலாம் என்பதால், முடிந்தவரை எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை யாருக்கும் வரும். எனக்கும் வந்தது. பத்து நாள் ஏழு நாடு என்ற திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வகுப்பறையில் செய்வதுபோலக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளில் விழித்திருக்கும் நேரம் 14 மணி என்று வைத்தால், பத்து நாளில் 140 மணி நேரம். ஏழு நாடுகளுக்கு இடையே ஆறு இடமாற்றங்கள். ஓர் ஊரில் அறையைக் காலி செய்து, நிலையத்துக்கு நடந்து, ரயிலில் அமர்ந்து, அடுத்த ஊரில் இறங்கி, தங்குமிடத்தைத் தேடிப் பையை இறக்கி வைக்கும்வரை குறைந்தது ஆறு மணி நேரமாவது போகும். ஆக 36 மணி நேரம், அதாவது மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல், மூட்டையைச் சுமந்துகொண்டு கழிகிறது. குழுவாகச் செல்பவருக்கு அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ள ஆள் உண்டு. தனியாகச் செல்பவர் கழிப்பறைக்குப் போவதென்றாலும் பையையும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

பிராக் நகரை நான் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. பழைய நகரம் முழுவதும் நடந்தே பார்க்கக்கூடிய அளவில் இருக்கிறது என்பது ஒன்று. கெப்ளர் என்ற கணித மேதை தம் வாழ்வின் முக்கியமான ஆண்டுகளை அங்கே கழித்தார் என்பது மற்றொன்று. போன பிறகுதான் வேறு சில காரணங்களும் இருந்தது தெரிந்தது.

மே 8-ஆம் தேதி நண்பகலில் விமானம் இறங்கியது. விமான நிலையத்திலிருந்து டிராலிபஸ், அதன் பின் மெட்ரோ ரயில். 72 மணி நேரம் செல்லுபடியாகும் பயணச்சீட்டை வாங்கியிருந்தேன். காகிதச் சீட்டை வாங்கினால் மட்டும் போதாது, முதன்முதலில் ஏறும்போது மஞ்சள் நிற இயந்திரத்தில் நுழைத்து நேரம் பதித்துக்கொள்ள வேண்டும். பதிக்காத சீட்டு, கையில் சீட்டே இல்லாததற்குச் சமம். சாதாரண உடையில் வரும் பரிசோதகர்கள் அபராதம் விதிப்பார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு மூதாட்டி என் கையிலிருந்த சீட்டைப் பார்த்து, இயந்திரத்தைச் சுட்டிக்காட்டி, தம் சீட்டையே எடுத்து நுழைப்பதுபோலச் செய்து காட்டினார். இப்படி ஒருவர் எல்லோருக்கும் வாய்ப்பார் என்று சொல்ல முடியாது. பயணக் கட்டுரைகளில் முதலில் இடம்பெற வேண்டிய செய்தி இது. நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இது இல்லை.

தங்குவதற்கு, பெண்களுக்கு மட்டுமான ஆறு படுக்கை அறை ஒன்றில் ஒரு கீழ்ப்படுக்கையை முன்பதிவு செய்திருந்தேன். பையை வைத்துவிட்டு நாலு மணியளவில் வெளியே வந்தேன். பழைய நகரச் சதுக்கத்துக்குச் செல்லும் தெருவில் ஒரு நாணய மாற்றுக் கடை இருந்தது. செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே யூரோ நாணயம் இல்லை, கொருனாதான் செல்லும். தரகு கிடையாது என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து, நூறு யூரோவை நீட்டினேன். 1,900 கொருனா கொடுத்தார்கள். கிட்டத்தட்ட 2,500 கிடைத்திருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. வாழ்நாள் முழுவதும் எண்களோடு பழகியவள் நான். களைப்பும் புதிய இடத்தின் மிரட்சியும் சேர்ந்தால் பெருக்கல் கணக்குகூட மறந்துபோகும் என்பதை அன்று அறிந்தேன்.

தங்குமிடத்துக்குத் திரும்பி, வரவேற்பு மேசையில் இருந்த இளம்பெண்ணிடம் தண்ணீர் எங்கே வாங்கலாம் என்று கேட்டேன். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்றார். பேச்சுவாக்கில் பணம் மாற்றியதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில் 4.10 என்று நேரம் இருந்தது. அப்போது மணி 5.40. செக் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, ஆயிரம் யூரோ வரையிலான நாணய மாற்றை மூன்று மணி நேரத்துக்குள் ரத்துசெய்து பணத்தைத் திரும்பப் பெற வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு என்றும், காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, ரசீதும் பணமும் இருந்தால் போதும் என்றும் கூறி, ஒரு தாளில் இரண்டு வாக்கியங்களைச் செக் மொழியில் எழுதிக் கொடுத்தார். வேகமாக நடந்தேன். கடைக்காரர் தாளைப் படித்தார், ரசீதைப் பார்த்தார், தலைக்கு மேல் இருந்த கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் நான் நீட்டிய நோட்டுகளை எண்ணி எடுத்துக்கொண்டு, என்னுடைய அதே நூறு யூரோ நோட்டை, மூலையில் மடிந்திருந்த அந்த நோட்டை, கண்ணாடியின் அடியில் தள்ளினார். கடையின் பெயரை எழுத நான் விரும்பவில்லை. சட்டம் இருப்பதைத்தான் வாசகர்கள் அறிய வேண்டும். அதன் பிறகு வங்கியின் தானியங்கி இயந்திரத்திலேயே பணம் எடுத்தேன். அதிலும் ரூபாய்க்கு மாற்றித் தரட்டுமா என்று திரையில் கேட்கும்; வேண்டாம் என்று அழுத்தி உள்ளூர் நாணயத்திலேயே எடுப்பதுதான் நமக்கு லாபம்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. மறுநாள் காலை வேறொரு நாட்டுக்கு ரயில் ஏற வேண்டியவளாக நான் இருந்திருந்தால், வரவேற்பு மேசையில் நின்று பேச நேரம் இருந்திருக்காது. அந்த உரையாடல் நடக்காமல் போயிருந்தால், ஐரோப்பா ஏமாற்றுக்காரர்களின் ஊர் என்ற எண்ணத்தோடே மீதி நாள்களையும் கழித்திருப்பேன்.

அன்றிரவு நிம்மதியாக இருந்தேன் என்று சொல்லமாட்டேன். மே 8 அங்கே இரண்டாம் உலகப் போர் வெற்றி நாள், அரசு விடுமுறை. அத்தகைய சில விடுமுறை நாள்களில் 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் மூடியிருக்க வேண்டும் என்பது சட்டம். நான் குறித்து வைத்திருந்த பெரிய அங்காடி பூட்டிக் கிடந்தது. இரவு எட்டு மணிக்கும் வெயில் அடித்துக்கொண்டிருக்க, கண்கள் மட்டும் தூக்கத்தில் சொருகின. கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். கையிலிருந்த முறுக்கைத் தின்றுவிட்டுப் படுத்தேன். வழக்கம்போல ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. நம் ஊர் ஐந்து மணி. அங்கே நள்ளிரவு ஒன்றரை. ஆறு படுக்கைகளிலும் ஆளிருந்தும் அந்த இருட்டில் நான் யாருமற்றவளாக இருந்தேன். கைப்பேசி வெளிச்சம் யார் கண்ணிலும் படாமல் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, ஊருக்குத் திரும்பும் பயணச்சீட்டை முன்தேதிக்கு மாற்ற எவ்வளவு செலவாகும் என்று தேடினேன். தனியாகப் புறப்படும் பலருக்கும் முதல் இரவு இப்படித்தான் கழியும் என்று பின்னர் அந்த அறையிலேயே தங்கியிருந்த ஒரு கொரிய மாணவி சொல்லித் தெரிந்துகொண்டேன். அவருக்கு வயது 22. முதல் இரவு அழுததாகச் சொன்னார். வயது வித்தியாசமின்றி வரும் இந்தத் தவிப்பை யாராவது முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், இது நமக்கு மட்டும் நேர்வதன்று என்ற ஆறுதலாவது கிடைத்திருக்கும்.

உறக்கம் வராததால், நாலே முக்கால் மணிக்கு எழுந்து சார்லஸ் பாலத்துக்கு நடந்தேன். அந்நேரத்தில் இரவுக் கேளிக்கை முடிந்து வீடு திரும்பும் இளைஞர்கள் சிலர் தெருவில் இருந்தார்கள். தெரு கழுவும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வல்டாவா ஆற்றின் மீது 516 மீட்டர் நீளத்துக்கு, 16 வளைவுகளின் மேல் அந்தக் கற்பாலம் நிற்கிறது. பேரரசர் நான்காம் சார்லஸ் 1357-இல் கட்டத் தொடங்கியது. 1841 வரை அந்நகரில் ஆற்றைக் கடக்க இருந்த ஒரே பாலம். 1357-ஆம் ஆண்டு, 9-ஆம் நாள், 7-ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது என்று அங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். வரிசையாக எழுதினால் 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1. ஒற்றைப்படை எண்கள் ஏறி இறங்கும் மாலை. அரசவைச் சோதிடர்கள் தேர்ந்த நேரம் என்பது அந்த ஊரின் நம்பிக்கை. எண்ணை நம்பிப் பாலம் கட்டினார்கள் என்ற செய்தி ஒரு கணித ஆசிரியைக்கு எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐந்தரைக்குச் சற்று முன் கதிரவன் எழுந்தான். 5.31-க்கு நான் பாலத்தின் நடுவில் நின்றேன். பகலில் தோளோடு தோள் உரசும் அந்தப் பாலத்தில் அப்போது இருபது பேர்கூட இல்லை. நம் உடல் இந்திய நேரத்தில் விழித்துக்கொள்வது குறையென்று எண்ணி மாத்திரை போட்டுத் தூங்குகிறார்கள். முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு மட்டும் வாய்க்கும் அந்த விழிப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது என் அனுபவம்.

பாலத்தின் இருபுறமும் 30 சிலைத் தொகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். உயரத்தில் சிலுவை ஏந்திய துறவி. அவர் நிற்கும் பீடத்தைத் தோளில் தாங்கியவர்களாகக் கீழ்த்திசை மக்களின் உருவங்கள். திருமுழுக்குக்காக மண்டியிட்டிருக்கும் ஓர் இந்திய இளவரசன். அடியிலிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். புனித பிரான்சிஸ் சவேரியார். 1542-இல் எங்கள் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்து பரதவர் ஊர்களில் நடந்தவர். மணப்பாட்டில் அவர் தங்கியதாகக் காட்டப்படும் குகைக்குச் சிறு வயதில் நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். 1711-இல் பிரோகோஃப் என்ற சிற்பி வடித்த அந்தச் சிலை 1890-ஆம் ஆண்டு வெள்ளத்தில் ஆற்றில் விழ, 1913-இல் அதன் நகல் ஒன்றை அங்கே நிறுவினார்கள். அந்த இளவரசனின் உடையும் தலையணியும் நம் கடற்கரையில் யாரும் உடுத்தியவையல்ல. இந்தியாவைப் பார்த்திராத ஒருவரின் கற்பனை. ஆனாலும் பல்லாயிரம் மைலுக்கு அப்பால், விடியற்காலையில், எங்கள் ஊரோடு தொடர்புள்ள ஒருவரைக் கண்டது எனக்குத் துணை கிடைத்ததுபோல இருந்தது. அதன்பின் பயணச்சீட்டை மாற்றும் எண்ணம் வரவில்லை.

இரண்டாம் நாள் மாலைக்குள் எனக்கு ஒரு மளிகைக் கடை பழக்கமாகிவிட்டது. சோசலிச ஆட்சிக் காலத்தில் தொழிலாளர்களாகவும் மாணவர்களாகவும் செக் நாட்டுக்கு வந்த வியட்நாமியரின் குடும்பங்கள் இன்று அங்கே தெருவுக்குத் தெரு சிறு கடைகள் நடத்துகின்றன. பெரிய அங்காடிகள் அடைக்கும் விடுமுறை நாளிலும் இவை திறந்திருக்கும். அரிசி, பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, இஞ்சி எல்லாம் அங்கே கிடைத்தன. தங்குமிடத்துச் சமையலறையில் சோறு வடித்து, கொண்டுபோயிருந்த பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் பிசைந்து சாப்பிட்டேன். கடைகளில் நுழையும்போது "டோப்ரி டென்" என்று வணக்கம் சொல்வது அங்கே மரியாதை. சொல்லாமல் நேராகப் பொருளைக் கேட்டால் முகம் கொடுக்கமாட்டார்கள். முதல் நாள் எனக்கு அது தெரியவில்லை, அவர்களைக் கடுகடுப்பானவர்கள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் நான் கடைக்குள் நுழைந்தபோது, அந்த வியட்நாமிய அம்மாள் எனக்கு முந்திக்கொண்டு வணக்கம் சொல்லி, கேட்காமலே கொத்தமல்லிக் கட்டை எடுத்து வைத்தார்.

பழைய நகரச் சதுக்கத்தில் இருக்கும் வானியல் கடிகாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1410-இல் அமைக்கப்பட்டது, இன்றும் ஓடுகிறது. மணிக்கு ஒருமுறை மேலே இரு சாளரங்கள் திறந்து திருத்தூதர்களின் உருவங்கள் வரிசையாகக் கடந்து செல்லும். பக்கத்தில் ஓர் எலும்புக்கூடு மணிக்கயிற்றை இழுக்கும். இது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முந்நூறு நானூறு பேர் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்துவிட்டு அடுத்த நிமிடமே கலைந்து போகிறார்கள். அந்தக் கடிகாரத்தின் உயிர் அந்த உருவங்களில் இல்லை, கீழே உள்ள வட்டத் தகட்டில் இருக்கிறது. அதில் பன்னிரண்டு ராசிகளின் குறிகளும் கொண்ட ஒரு வளையம் சுழல்கிறது. பொன்னிறச் சூரியன் ஒன்று அந்த வளையத்தின் மீது நகர்கிறது. ராசிக்கட்டம் பார்த்துப் பழகிய நம்மவர் யாரும் உதவியின்றியே அதைப் படிக்கலாம். நான் பார்த்த நாள் மே 9, நம் கணக்கில் சித்திரை 26. பஞ்சாங்கப்படி சூரியன் மேஷத்தில் இருக்க வேண்டும். கடிகாரத்திலோ சூரியன் ரிஷபத்தில் இருந்தது. தவறாகப் பார்க்கிறேனோ என்று ஐயப்பட்டு அங்கேயே திண்ணை போன்ற ஒரு விளிம்பில் அமர்ந்துவிட்டேன். பிறகுதான் விளங்கிற்று. அவர்கள் இரவும் பகலும் சமமாகும் புள்ளியிலிருந்து ராசிகளை அளக்கிறார்கள், நாம் நிலையான விண்மீன்களை வைத்து அளக்கிறோம். அந்தப் புள்ளி ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் பின்னோக்கி நகர்வதால், இன்று இரு கணக்குகளுக்கும் இடையே 24 பாகை வித்தியாசம். நம் பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்று சொல்வது இதைத்தான். வாழ்நாளெல்லாம் சொல்லாகக் கேட்டதை அன்று கண்ணால் கண்டேன்.

வெளி வளையத்தில் இன்னொன்று இருக்கிறது. பழைய போகீமிய முறையில் (போகீமியா என்பது இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி) ஒரு நாளின் மணிகளைச் சூரியன் மறையும் நேரத்திலிருந்து எண்ணினார்கள். அந்தி சாயும்போது 24 மணி முடிந்து புது நாள் தொடங்கும். நாம் சூரியன் உதிப்பதிலிருந்து நாழிகை எண்ணினோம். இருபத்து நான்கு மணியாகவோ அறுபது நாழிகையாகவோ பகுத்தாலும், இருவருக்கும் நாள் என்பது நள்ளிரவில் தொடங்கும் ஒன்றாக இருக்கவில்லை. அன்று மாலை ஒரு மணி நேரமும் மறுநாள் முக்கால் மணி நேரமும் அந்தக் கடிகாரத்தின் முன் இருந்தேன். அடுத்த ஊருக்கு ரயில் பிடிக்க வேண்டியவர் முதல் நிமிடத்தோடு போயிருப்பார். (அந்தக் கூட்டத்தில் ஜேப்படிக்காரர்கள் மிகுதி. கைப்பையை முன்புறம் அணைத்துப் பிடித்துக்கொள்வது நல்லது. 22-ஆம் எண் டிராமுக்கும் இது பொருந்தும்.)

மூன்றாம் நாள் கெப்ளர் வாழ்ந்த வீட்டைத் தேடிச் சென்றேன். பாலத்துக்கு இட்டுச் செல்லும் கார்லோவா தெருவில், நான்காம் எண் வீடு. கெப்ளர் 1600 முதல் 1612 வரை பிராக்கில் இருந்தார். டைக்கோ பிராகே என்ற வானியலாளர் செவ்வாய்க் கோளைப் பற்றி ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்திருந்த அளவீடுகளைக் கொண்டு, கோள்கள் வட்டத்தில் அல்ல, நீள்வட்டத்தில் சுற்றுகின்றன, சூரியன் அதன் ஒரு குவியத்தில் இருக்கிறது என்று கண்டறிந்து 1609-இல் வெளியிட்டார். பன்னிரண்டாம் வகுப்பில் நீள்வட்டத்தின் சமன்பாட்டை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்தத் தெருவில் இருபுறமும் நினைவுப் பொருள் கடைகள். நினைவுப் பலகையை ஏறிட்டுப் பார்ப்பவர் அரிது. டைக்கோ பிராகே 1601-இல் இறந்து, சதுக்கத்துக்கு அருகில் உள்ள டீன் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அங்கும் போய் நின்றேன்.

அன்று பிற்பகல் சென்றது சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலம். 1348-இல் தோன்றிய பல்கலைக்கழகம் அது. சங்க இலக்கியம் முதல் சித்தர் பாடல்கள் வரை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்ன கமில் சுவலபில் 1927-இல் பிராக்கில் பிறந்து, அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் தமிழ் கற்பித்தார். 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் புகுந்த பின்னர் அவர் வெளியேறி, பிற்காலத்தில் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தமிழ் ஒலித்த கட்டடங்களில் ஒன்றையாவது வெளியிலிருந்து பார்த்துவிட வேண்டும் என்றுதான் போனேன். ஆற்றங்கரையை ஒட்டிய அந்த முதன்மைக் கட்டடத்தின் சுவரில் ஓர் இளைஞனின் முகம் வெண்கலத்தில் பதிக்கப்பட்டிருந்தது. கண்கள் மூடிய முகம். யான் பலாக் என்ற அக்கலைப்புலத்து மாணவர், அந்நியப் படையெடுப்பின் முன் நாடு சோர்ந்து பணிவதைக் கண்டு பொறாமல், 1969 ஜனவரி 16 அன்று வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் தமக்குத் தீ வைத்துக்கொண்டு மூன்று நாளில் இறந்தார். வயது 20. இறந்த பின் அவர் முகத்தில் எடுத்த அச்சிலிருந்து வார்த்ததே அந்த வெண்கல முகம். கட்டடத்தின் முன்னுள்ள சதுக்கம் முன்பு சோவியத் செஞ்சேனையின் பெயரைத் தாங்கியிருந்தது. 1989-இல் ஆட்சி மாறியதும் அதற்குப் பலாக்கின் பெயரைச் சூட்டினார்கள். சுவருக்கு அடியில் யாரோ வைத்துப் போன சிறு கண்ணாடிக் குவளையில் மெழுகுவத்தி அணைந்து கிடந்தது. அந்த வயதை நெருங்கும் எத்தனையோ பிள்ளைகளை வகுப்பறையிலிருந்து அனுப்பி வைத்தவள் நான். அந்த முகத்தின் முன் நெடுநேரம் நிற்க முடியவில்லை.

அங்கிருந்து சில நிமிட நடையில் பிங்காஸ் தொழுகைக்கூடம் இருக்கிறது. நாஜிகளால் கொல்லப்பட்ட போகீமியாவையும் அதை அடுத்துள்ள மொராவியாவையும் சேர்ந்த யூதர்களின் பெயர்கள், எண்பதாயிரத்தை நெருங்கும் பெயர்கள், அதன் உட்சுவர்கள் முழுவதும் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. வருகைப்பதிவேட்டில் பெயர் வாசித்துப் பழகிய கண்களோடு ஒரு சுவரின் ஒரு பத்தியை மட்டும் மேலிருந்து கீழாக வாசித்தேன். ஒரே குடும்பப் பெயரின் கீழ் தாய், தந்தை, பிள்ளைகள் என்று அடுத்தடுத்துப் பிறந்த தேதிகள். மாடியில் தெரெசீன் முகாமில் அடைக்கப்பட்ட குழந்தைகள் வரைந்த ஓவியங்கள். அன்று வேறெதுவும் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது என்று தோன்றியது. ஒரே ஊரில் தங்குவதால் கிடைக்கும் பெரிய வசதி இதுதான்: போதும் என்று தோன்றும்போது அறைக்குத் திரும்பலாம்.

நான்காம் நாள் 22-ஆம் எண் டிராமில் ஏறிக் கோட்டைக்குப் போனேன். 1344-இல் தொடங்கி 1929-இல் நிறைவெய்திய புனித விட்டஸ் பேராலயம் அங்கே இருக்கிறது. வழிகாட்டி நூல்கள் எல்லாவற்றிலும் உள்ளதால் விவரிக்கவில்லை. இறங்கி வரும் வழியில் ஒரு தேவாலயத்தில், 1628-இல் காணிக்கையாக வந்த, 47 சென்டிமீட்டர் உயரமே உள்ள குழந்தை இயேசு சிலையைக் கண்டேன். நம் ஊரில் எத்தனையோ வீடுகளிலும் கடைகளிலும் மாட்டியிருக்கும் கிரீடம் சூடிய குழந்தை இயேசு படத்தின் மூலம் அது. அதற்குப் பின், ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வேறெங்கும் போக வேண்டிய அவசரம் இல்லை. மாலையில் டிராமுக்குக் காத்திருந்தபோது, முதுகுப்பையோடு வந்திறங்கிய ஓர் இளைஞர் கையில் சீட்டை வைத்துக்கொண்டு விழித்தார். மஞ்சள் இயந்திரத்தைக் காட்டி, நேரம் பதிக்கும் விதத்தைச் செய்து காட்டினேன்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. பயண இணைப்பில் எத்தனை நாடுகள் என்பதோடு, முதல் நாள் எப்படி இருக்கும் என்பதையும் எழுதச் செய்யுங்கள். எந்த நாட்டில் அதிக நாள்கள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ என்பவற்றையெல்லாம் தங்கள் கட்டுரை சரியாகவே சொன்னது. அதே அக்கறையோடு, பயணச்சீட்டில் நேரம் பதிப்பது, நாணய மாற்றை ரத்து செய்யும் உரிமை, கடைகள் அடைக்கும் விடுமுறை நாள்கள், பொதுத் தங்குமிடத்துக்குச் சொந்தப் பூட்டு கொண்டுபோக வேண்டிய தேவை, அவசர உதவிக்கு 112 என்ற எண், முதல் இரவின் தவிப்பு ஆகியவையும் தமிழில் அச்சேற வேண்டும். ஆங்கிலத்தில் தேடிப் படிக்கும் வசதியில்லாத எத்தனையோ பேர், குறிப்பாக என்னைப் போல ஓய்வுபெற்ற பெண்கள், போக விரும்பியும் தயங்கி நிற்கிறார்கள். என்னோடு பணியாற்றிய ஆசிரியைகள் மூவர், நான் திரும்பி வந்த பிறகு வீடு தேடி வந்து கேட்டது அரண்மனைகளைப் பற்றியல்ல. ராத்திரியில் பயமாக இல்லையா, சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்பவற்றைத்தான்.

அந்த நான்கு நாள்களிலும் எதற்கு எவ்வளவு செலவழித்தேன் என்பதைக் கொருனாவிலும் ரூபாயிலும் நாள்வாரியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கங்களின் நகலை இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். தங்கள் இணைப்பில் வெளியிடப் பயன்படுமானால் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் நாள் கணக்கில் அரிசியின் விலையைத் திருத்தி எழுதியிருக்கிறேன், கீழே உள்ள எண்ணே சரியானது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
தூத்துக்குடி.